அறுநூற்று நாற்பத்தைந்து பெயர்கள்



பள்ளிக்கூடத்தில் நாள்தோறும் முதலில் நடைபெறும் வேலை எது என்று கேட்டால், நீங்கள் உடனே விடை கூறிவிடுவீர்கள். ஆசிரியர் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயர்களை ஒவ்வொன்றாகப் படிக்கிறார். நீங்கள் “உள்ளேன் ஐயா” என்கிறீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவ்வேலையைச் செய்தவன் நான். தலைகளை எண்ணி நாற்பது என்று குறித்துக்கொண்டால் வேலை விரைவில் முடிந்துவிடுமே, பெயர் சொல்லி அழைப்பானேன் என்று இளம் ஆசிரியனாக இருந்தபோது நினைத்ததுண்டு. சில நாட்களிலேயே காரணம் விளங்கிவிட்டது. இன்று முப்பத்தொன்பது பேர்தாம் வந்திருக்கிறார்கள் என்பதை எண்ணிக்கை சொல்லும். வராத பிள்ளை யார் என்பதைப் பெயர்தான் சொல்லும்.

இன்று நான் உங்களுக்குச் சொல்லப்போவது ஒரு போர்க்கப்பலின் நினைவுச்சின்னத்தைப் பற்றி. அக்கப்பலில் இருந்தவர்கள் 645 பேர். நடுத்தரமான ஓர் உயர்நிலைப் பள்ளியில் காலை வழிபாட்டிற்குக் கூடி நிற்கும் மாணவர் தொகை ஏறக்குறைய அவ்வளவு இருக்கும். அவர்களில் ஒருவர்கூடக் கரை திரும்பவில்லை. அந்த 645 பேரையும் ஒரு நாடு எவ்வாறு பெயர் சொல்லி அழைத்தது என்பதே இப்பேச்சின் பொருள்.

கப்பலின் பெயர் ‘சிட்னி’. ஆஸ்திரேலிய நாட்டுக் கடற்படையைச் சேர்ந்தது. அப்பெயர் தாங்கிய முதற் கப்பலோடு நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, ‘எம்டன்’ என்னும் ஜெர்மானியக் கப்பல் சென்னைக் கடற்கரையை நெருங்கி, துறைமுகத்தருகே இருந்த எண்ணெய்த் தொட்டிகளின்மீது குண்டு பொழிந்தது. அவை தீப்பற்றி எரிந்தன; நகரத்து மக்கள் நடுங்கினர். கெட்டிக்காரனாய், எதற்கும் துணிந்தவனாய் உள்ள ஒருவனை ‘அவன் எம்டன்’ என்று நம் ஊர்களில் இன்றும் சொல்லுகிறோம் அல்லவா? அந்தச் சொல் அன்று பிறந்ததுதான். அந்த எம்டன் கப்பலை அதே ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் கோகோஸ் தீவுகளுக்கு அருகில் தாக்கி அழித்தது சிட்னி என்னும் முதற் கப்பல். நாளடைவில் முதுமை எய்தி அக்கப்பல் உடைக்கப்பட்டபோது, அதன் பாய்மரத்தூணை எடுத்துச் சிட்னி நகரத் துறைமுகத்தின் ஒரு முனையில் நாட்டினார்கள். அதுவும் ஒரு நினைவுச்சின்னமே. ஆனால் நாம் இன்று காணப்போவது அக்கப்பலின் பெயரைப் பெற்ற இரண்டாவது கப்பலின் சின்னம்.

இரண்டாவது சிட்னி, இங்கிலாந்தில் வால்சென்ட் என்னுமிடத்தில் கட்டப்பட்டு, 1934-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் கடலில் இறக்கப்பட்டது. எம்டன் சென்னையைத் தாக்கி அன்றோடு சரியாக இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. இது ‘குரூசர்’ என்னும் வகையைச் சேர்ந்த விரைவுப் போர்க்கப்பல். ஆறு அங்குல வாய் கொண்ட எட்டுப் பீரங்கிகள் அதில் இருந்தன. இரண்டாம் உலகப் போர் மூண்டதும் அது மத்தியதரைக் கடலுக்கு அனுப்பப்பட்டது. அங்கே 1940-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள், கிரீட் தீவுக்கு அருகில், காப்டன் ஜான் காலின்ஸ் என்பவரின் தலைமையில் போரிட்டு, ‘பார்த்தொலோமியோ கொல்லியோனி’ என்னும் இத்தாலியக் கப்பல் மூழ்கக் காரணமாயிற்று. 1941-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அது தாயகம் திரும்பியபோது, சிட்னி நகரமே தெருவில் திரண்டு நின்று மாலுமிகளை வரவேற்றது. அணிவகுப்பைக் காண்பதற்காகப் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டார்கள். உங்களைப் போன்ற சிறுவர் சிறுமியர் நடைபாதையில் நின்று அந்த மாலுமிகளைப் பார்த்துக் கையசைத்தனர். அதற்கு ஒன்பது மாதங்களுக்குப் பின் நடந்தது என்ன என்பதைக் கேளுங்கள்.

1941-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் சிட்னி, ஒரு துருப்புக் கப்பலுக்குக் காவலாகச் சுந்தா நீரிணைப் பக்கம் சென்று, தன் பணியை முடித்துக்கொண்டு மேற்கு ஆஸ்திரேலியாவின் பிரிமாண்டில் துறைமுகத்தை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. அப்போது அதன் தலைவர் காப்டன் ஜோசப் பர்னெட். நவம்பர் 19-ஆம் நாள் மாலை நான்கு மணியளவில் தொலைவில் ஒரு வணிகக் கப்பல் தென்பட்டது. ‘யார் நீ?’ என்று சிட்னி சைகை காட்டிக் கேட்டது. தான் ‘ஸ்ட்ராட் மலாக்கா’ என்னும் டச்சுக் கப்பல் என்று அது விடை கூறிற்று. அவ்விடை பொய். உண்மையில் அது ‘கோர்மொரான்’ என்னும் ஜெர்மானியக் கப்பல். அச்சொல்லுக்கு நீர்க்காகம் என்று பொருள். வணிகக் கப்பலைப் போல் வேடமிட்டு, பீரங்கிகளை மறைத்துவைத்துக்கொண்டு கடலில் திரிவது அதன் தொழில். அதன் தலைவர் தியோடோர் டெட்மெர்ஸ் என்பவர்.

சிட்னி மேலும் மேலும் நெருங்கிற்று. இரண்டு கப்பல்களுக்கும் இடையே ஒரு கிலோமீட்டர் அளவே இடைவெளி இருந்தபோது, நட்பு நாட்டுக் கப்பல்களுக்கு மட்டுமே தெரிந்த மறைச்சொல்லைக் காட்டுமாறு சிட்னி கேட்டது. டெட்மெர்ஸுக்கு அது தெரியாது. இனி மறைக்க வழியில்லை என்று கண்ட அவர், டச்சுக் கொடியை இறக்கி, ஜெர்மானியக் கொடியை ஏற்றி, பீரங்கிகளை முழக்கினார். தொலைவிலிருந்து போரிட்டால் சிட்னியே வலிமை மிக்கது. அவ்வளவு அருகில் அந்த வலிமை பயன்படவில்லை. தலைமை மேடை சிதைந்தது; டார்பிடோ ஒன்று முன்புறத்தைத் துளைத்தது. எனினும் சிட்னி சுட்ட குண்டுகளும் கோர்மொரானின் இயந்திர அறையைத் தீக்கிரையாக்கின. தீப்பற்றி எரிந்தவாறே சிட்னி தென்கிழக்குத் திசையில் மெல்ல விலகிச் சென்றது. அடிவானத்தில் அதன் தீயொளி இரவில் நெடுநேரம் தெரிந்தது என்றும், பின்னர் அவிந்துவிட்டது என்றும் ஜெர்மானிய மாலுமிகள் கூறினர். நள்ளிரவில் தங்கள் கப்பலையும் கைவிட்டு அவர்கள் படகுகளில் இறங்கினார்கள். அவர்களிலும் ஏறத்தாழ எண்பது பேர் மாண்டனர். முந்நூறு பேருக்கு மேல் உயிர் பிழைத்துச் சிறைப்பட்டனர்.

சிட்னியிலிருந்து ஒருவரும் வரவில்லை. நவம்பர் 20-ஆம் நாள் வரவேண்டிய கப்பல் வராததால், முதலில் அது தாமதம் என்றே எண்ணினார்கள். நவம்பர் 24-ஆம் நாள் எண்ணெய்க் கப்பல் ஒன்று, தத்தளித்துக்கொண்டிருந்த ஜெர்மானியர் சிலரை மீட்டது. அதன் பிறகே போர் நடந்த செய்தி வெளிப்பட்டது. விமானங்களும் கப்பல்களும் கடலைத் துழாவின. குண்டுச் சிதறல்கள் பட்ட ஒரு தெப்பமும், உயிர்காப்புக் கச்சை ஒன்றுமே கிடைத்தன. அத்தெப்பம் இன்று கான்பரா நகரிலுள்ள போர் நினைவகத்தில் வைக்கப்பட்டுள்ளது. நவம்பர் 30-ஆம் நாள் பிரதமர் ஜான் கர்ட்டின், சிட்னி இழக்கப்பட்டதை நாட்டிற்கு அறிவித்தார். ஆஸ்திரேலியக் கடற்படையின் வரலாற்றில் அதனினும் பெரிய உயிரிழப்பு வேறு இல்லை.

ஒரு வீட்டில் ஒருவர் இறந்தால், உற்றார் உடலைக் கண்டு அழுகிறார்கள், அடக்கம் செய்கிறார்கள், நாள் குறித்து வழிபடுகிறார்கள். துயரம் பெரிதேயாயினும் அதற்கு ஒரு முடிவு கிடைக்கிறது. சிட்னி மாலுமிகளின் தாய்மார்களுக்கும் மனைவியருக்கும் அந்த முடிவு கிடைக்கவில்லை. உடல் இல்லை, கல்லறை இல்லை. கப்பல் கிடக்கும் இடமும் தெரியாது. கண்டு கூற ஒரு சாட்சியாவது உண்டா என்றால், சாட்சிகள் அனைவரும் பகைவர்கள். பகைவன் சொல்லை எவ்வாறு நம்புவது? இத்தகைய வெற்றிடத்தில்தான் வதந்தி வேர்விடுகிறது. ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலே சிட்னியை மூழ்கடித்தது என்றனர் சிலர். நீரில் தத்தளித்த மாலுமிகளை ஜெர்மானியர் சுட்டுக் கொன்றுவிட்டு மறைக்கிறார்கள் என்றனர் வேறு சிலர். அறுபது ஆண்டுகளுக்கு மேல் இப்பேச்சுகள் ஓயவில்லை.

இந்நிலையில்தான் நினைவுச்சின்னம் எழுந்தது. மேற்கு ஆஸ்திரேலியக் கடற்கரையில், பெர்த் நகருக்கு வடக்கே, ஜெரால்ட்டன் என்னும் துறைமுக நகரம் இருக்கிறது. அவ்வூர் ரோட்டரி சங்கத்தார் இப்பணியைத் தொடங்கிவைத்தனர். கடலை நோக்கிய ஒரு குன்றின்மேல், சார்லஸ் ஸ்மித், ஜோன் வால்ஷ்-ஸ்மித் என்னும் சிற்பத் தம்பதியர் அதனை உருவாக்கினர். 2001-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் அது அர்ப்பணிக்கப்பட்டது. அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் காண்போம். ஒவ்வோர் உறுப்பும் ஒரு கேள்விக்கு விடையாக அமைந்திருப்பதைக் கவனியுங்கள்.

முதலாவது, கவிகை மாடம். தூண்கள் தாங்கி நிற்கும் அந்த மாடத்தின் கூரை ஓடோ கல்லோ அன்று. துருப்பிடியாத எஃகினால் செய்த கடற்காகங்களின் உருவங்களை ஒன்றோடொன்று இணைத்து அமைத்த கூரை அது. கடலோரங்களில் மீன் தேடிப் பறக்கும் வெண்ணிறப் பறவையையே கடற்காகம் என்கிறோம். மாண்ட மாலுமிகளின் உயிர் இப்பறவைகளாய்த் திரிகிறது என்பது மேலைநாட்டு மாலுமிகளின் பழைய நம்பிக்கை. மாடத்தில் உள்ள பறவைகள் எத்தனை? 645. ஆளுக்கு ஒன்று. அதன் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவனுக்குப் பறவைகளின் இடையே வானம் தெரிகிறது. எத்தனை பேர் என்ற கேள்விக்கு இம்மாடம் விடை தருகிறது.

இரண்டாவது, பெயர்ச் சுவர். மெருகேற்றிய கருங்கல்லில் 645 பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. காப்டன் பர்னெட் முதல் கப்பலின் சிற்றுண்டிச் சாலையில் பணிபுரிந்த படைவீரர் அல்லாதவர் வரையில் அனைவருக்கும் அதில் இடமுண்டு. கல் கண்ணாடி போல் பளபளப்பதால், பெயரைப் படிப்பவனுடைய முகமும் அதில் தெரியும். வீழ்ந்த வீரனின் பெயரைக் கல்லில் எழுதி நடுவது நம் முன்னோருக்கும் வழக்கமாயிருந்தது. நடுகற்களை நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். யார் யார் என்ற கேள்விக்கு இச்சுவர் விடை தருகிறது.

மூன்றாவது, நெடிதுயர்ந்து நிற்கும் ஒரு தூண். கப்பலின் முன்புறத்தை நம் மீனவர்கள் அணியம் என்பார்கள். சிட்னியின் அணியத்தை நினைவூட்டும் வடிவில் அத்தூண் எழுப்பப்பட்டுள்ளது. அவர்கள் எதில் சென்றார்கள் என்பதை அது சொல்லுகிறது.

நான்காவது, ஒரு பெண்ணின் வெண்கலச் சிலை. காற்றில் ஆடை பறக்க, ஒரு கையால் தொப்பியைப் பற்றிக்கொண்டு, அவள் கடலையே பார்த்து நிற்கிறாள். அவளுக்குப் பெயர் இடப்படவில்லை. ‘காத்திருக்கும் பெண்’ என்றே அழைக்கிறார்கள். அவள் தாயா, மனைவியா, தங்கையா என்று சிற்பி சொல்லவில்லை. பொதுவாகப் போர்ச் சின்னங்களில் வாளேந்திய வீரனையோ குதிரைமேல் அமர்ந்த தளபதியையோ காண்கிறோம். இங்கே வீட்டில் இருந்தவளுக்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள். போரின் விலையை யார் கொடுத்தார்கள் என்ற கேள்விக்கு அவள் விடை.

ஆயின், ‘அவர்கள் எங்கே?’ என்ற கேள்விக்கு மட்டும் 2001-ஆம் ஆண்டில் விடை இல்லை. அவ்விடை ஏழாண்டுகள் கழித்துக் கிடைத்தது. 2008-ஆம் ஆண்டு மார்ச் மாதம், டேவிட் மெர்ன்ஸ் என்பவரின் தலைமையில் சென்ற ஆய்வுக் கப்பல், ஒலியலைகளைக் கடலடிக்குச் செலுத்தித் தேடி, முதலில் கோர்மொரானையும், சில நாட்களில் சிட்னியையும் கண்டுபிடித்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 22 கிலோமீட்டர் தொலைவில் கிடந்தன. சிட்னி கிடக்கும் ஆழம் ஏறத்தாழ 2,470 மீட்டர். அதன் அணியம் முறிந்து தனியே கிடந்தது. டார்பிடோ பட்ட இடமும் குண்டுகள் துளைத்த இடங்களும் நிழற்படங்களில் தெளிவாகத் தெரிந்தன.

மாணவர்களே, இங்கே ஓர் உண்மையை நீங்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டும். சிறைப்பட்ட ஜெர்மானிய மாலுமிகள் 1941-ஆம் ஆண்டிலேயே போர் நடந்த இடத்தைக் கூறியிருந்தனர். டெட்மெர்ஸ், சிறையில் தம்மிடம் இருந்த ஓர் அகராதியின் எழுத்துகளுக்குக் கீழே சிறு சிறு புள்ளிகளை இட்டு, போரின் வரலாற்றை இரகசியமாகக் குறித்து வைத்திருந்தார். இவற்றையெல்லாம் பலர் ஏமாற்று என்று தள்ளினார்கள். கப்பல்கள் கிடந்ததோ, அவர்கள் சொன்ன இடத்திற்கு அருகிலேதான்! பின்னர் நீதிபதி டெரன்ஸ் கோல் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2009-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஜப்பானிய நீர்மூழ்கிக் கதைக்கும், நீரில் சுட்டுக் கொன்ற கதைக்கும் ஆதாரம் இல்லை என்று அது தீர்த்துக் கூறிற்று. அயலான் கப்பலை வெறும் வணிகக் கப்பல் என்று கொண்டு அவ்வளவு நெருங்கியது பிழையான முடிவு என்பதையும் அது மறைக்கவில்லை. பகைவன் சொன்னான் என்பதனாலேயே ஒரு செய்தி பொய்யாகிவிடாது. நம்மவர் செய்தார் என்பதனாலேயே ஒரு பிழை சரியாகிவிடாது. வரலாறு படிப்பவன் முதலில் கற்கவேண்டிய பாடம் இது. உண்மையைச் சொன்னதனால் அந்த மாலுமிகளின் பெருமை இம்மியும் குறையவில்லை என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

கப்பல் கிடக்கும் இடம் தெரிந்தபின், 2011-ஆம் ஆண்டில் சின்னத்தோடு ஐந்தாவது உறுப்பாக ஒரு நினைவுக் குளம் சேர்க்கப்பட்டது. அங்கே 644 கடற்காகங்களின் உருவங்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. 645-ஆவது பறவை பெரிய உருவமாகச் சிறகு தாழ்த்தி நின்று, தன் சிறகின் நுனியால் சிட்னி கிடக்கும் இடத்தைச் சுட்டுகிறது. எங்கே என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது.

எனினும் ஒரு கேள்வி எஞ்சியிருந்தது. 1942-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள், ஜாவாவுக்குத் தெற்கேயுள்ள கிறிஸ்துமஸ் தீவின் கரையோரத்தில் ஒரு தெப்பம் மிதந்து வந்தது. அதில் ஒரு மாலுமியின் உடல் இருந்தது. போர் நடந்து ஏறத்தாழ பதினொரு வாரங்கள் ஆகியிருந்தன. அத்தீவினர் அவ்வுடலை உரிய மரியாதையுடன் அடக்கம் செய்தனர். அவர் சிட்னியைச் சேர்ந்தவரா, ஆமெனில் யார் என்பது தெரியவில்லை. 2006-ஆம் ஆண்டில் அக்கல்லறையைக் கண்டுபிடித்து எலும்புகளை எடுத்து ஆராய்ந்தனர். சிட்னியின் மாலுமியே என்ற முடிவுக்கு வந்தனர். 2008-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் நாள் ஜெரால்ட்டனில் உள்ள போர்வீரர் கல்லறைத் தோட்டத்தில் அவரை மீண்டும் அடக்கம் செய்தனர். அக்கல்லறையில் அன்று பெயர் இல்லை.

ஆராய்ச்சியை அவர்கள் விட்டுவிடவில்லை. பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வழிவழியாக வரும் மரபணுக் கூறுகள் பல்லிலும் எலும்பிலும் நெடுங்காலம் நிலைத்திருக்கும் என்பதை நீங்கள் உயிரியலில் படித்திருப்பீர்கள். அம்மாலுமியின் மரபணுவை, இன்று வாழும் உறவினருடைய மரபணுவோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2021-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் நாள், கப்பல் மூழ்கிச் சரியாக எண்பது ஆண்டுகள் நிறைந்த அன்று, விடை அறிவிக்கப்பட்டது. அவர் பெயர் தாமஸ் வெல்ஸ்பி கிளார்க். பிரிஸ்பேன் நகரத்தவர். இறந்தபோது வயது 21. இதனைக் கேட்டுக்கொண்டிருக்கும் கல்லூரி மாணவர்களே, உங்கள் வயதுதான்.

ஜெரால்ட்டன் குன்றின்மேல் உள்ள கருங்கல் சுவரில் அப்பெயர் 2001-ஆம் ஆண்டு முதலே இருந்தது. அதே ஊரில் உள்ள கல்லறையில் அவ்வுடல் 2008-ஆம் ஆண்டு முதலே இருந்தது. சுவரில் உடலற்ற ஒரு பெயர். மண்ணில் பெயரற்ற ஓர் உடல். பதின்மூன்று ஆண்டுகள் ஒன்றையொன்று அறியாமல் ஒரே ஊரில் இருந்தவை, எண்பதாம் ஆண்டு நிறைவில் ஒன்று சேர்ந்தன.

இவ்வளவு முயற்சி எதற்கு என்று சிலர் கேட்கலாம். எண்பது ஆண்டுகளுக்கு முன் இறந்தவனுக்குப் பெயர் கிடைத்தால் என்ன, கிடைக்காவிட்டால் என்ன? அவனைப் பெற்ற தாய் இன்று இல்லையே என்பார்கள். கேள்வி நியாயமானதே. என் விடை இது. ஒரு நாடு தன் இளைஞர்களைப் பெயர் சொல்லித்தான் படைக்கு அழைக்கிறது. ஒவ்வொருவனும் தன் பெயரை எழுதிக் கையொப்பமிட்டே கப்பலில் ஏறுகிறான். போகும்போது பெயரால் அழைத்துவிட்டு, திரும்பாதபோது எண்ணால் குறித்து முடித்துவிடுவது அறமாகாது. பெயரால் அழைத்தவர்கள் பெயராலேயே கணக்குக் கொடுக்கவேண்டும். அக்கடமைக்குக் காலவரையறை இல்லை.

பாடநூல்களில் போர்களைப் படிக்கும்போது, மாண்டவர் இத்தனை ஆயிரம் என்ற வரியை நீங்கள் விரைந்து கடந்து செல்வீர்கள்; தேர்வுக்கு அந்த எண் போதும். இனி அவ்வரி வரும்போது ஒரு கணம் நின்று, அது ஒரு வருகைப் பதிவேடு என்று எண்ணிக்கொள்ளுங்கள். நாளைக் காலை ஆசிரியர் உங்கள் பெயரைச் சொல்லி அழைக்கும்போது, “உள்ளேன் ஐயா” என்று தெளிவாகச் சொல்லுங்கள். அழைக்கும் குரலும் விடை சொல்லும் குரலும் ஒருங்கே இருப்பது எத்துணைப் பெரும் பேறு என்பதை, ஜெரால்ட்டன் குன்றின்மேல் கடலை நோக்கி நிற்கும் அந்தப் பெண் அறிவாள்.